படம் எங்கே தங்குகிறது?

எடிட்டிங் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, எந்த பிராசஸர் வாங்கலாம்?" அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. எடுத்த படம் எந்த டிஸ்க்கில் தங்கும், திறந்த படம் எங்கே விரியும், டெலிவரி முடிந்த படம் எங்கே போய்ச் சேரும் என்று கேட்டு வந்தவர்கள் குறைவு. முகூர்த்த மாதங்களில் ‘சிஸ்டம் தொங்குது’ என்று போன் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வினை அங்கேதான் இருக்கிறது. ஆகவே பிராசஸரை உன் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, ராம், டிஸ்க் இரண்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரில் லைட்ரூம் கிளாசிக்கும் போட்டோஷாப்பும் வைத்துக் கல்யாண வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ‘செய்கிறவன்’ என்று வருகிற இடத்திலெல்லாம் செய்கிறவளையும் சேர்த்துப் படி.

1. காசை எடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திற. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை ஓரமாக வைத்துக்கொண்டு, உன்னை அதிகம் காக்க வைக்கிற வேலையைச் செய். மெமரி நிரம்பி, கூடவே டிஸ்க்கும் 100 சதவீதத்தில் நின்றால் ராம் போதவில்லை என்று பொருள். ராமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்குக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமாக இருக்கிறது. மெமரியில் இடம் இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 என்றால் டிஸ்க்தான் மெதுவு. இரண்டும் சும்மா இருக்க, பிராசஸரோ கிராஃபிக்ஸ் கார்டோ மூச்சு வாங்கினால் ராமை இரட்டித்தாலும் ஒரு நொடி குறையாது. லைட்ரூமில் டீநாய்ஸ் ஓட்டும்போது உழைப்பது கிராஃபிக்ஸ் கார்டு. அதற்காக ராம் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. கடையில் போய் ‘ஸ்லோவா இருக்கு’ என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் தன்னிடம் ஸ்டாக் இருப்பதைத்தான் கொடுப்பார்.

2. ஒருமுறையாவது உன் படத்தின் எடையைப் பெருக்கிப் பார். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் டிஸ்க்கில் ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி. அது சுருக்கி வைத்த அளவு. போட்டோஷாப்பில் திறந்ததும் விரிகிறது: 6000க்கு 4000 பிக்சல், ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 16 பிட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் 2 பைட். ஆக 144 எம்பி. மணப்பெண்ணின் முகத்துக்கு ஃப்ரீக்வென்ஸி செபரேஷன் செய்ய இரண்டு நகல் லேயர் எடுத்த உடனே 432 எம்பி ஆகிவிட்டது. நீ இன்னும் ஒரு தழும்பைக்கூடத் தொடவில்லை.

ஆல்பத்துக்கு வா. 12க்கு 36 அங்குல ஷீட்டை 300 டிபிஐயில் வைத்தால் 3600க்கு 10,800 பிக்சல்; மொத்தம் 3 கோடியே 88 லட்சம் சொச்சம். 8 பிட்டிலேயே ஒரு முழு லேயர் 117 எம்பிக்குப் பக்கத்தில் வரும். லேயரில் காலியாக இருக்கிற பகுதி அதிகம் இடம் எடுக்காது. ஆனால் பின்னணித் துணி, டெக்ஸ்சர், மங்கலான பெரிய படம் என்று முழு ஷீட்டையும் மூடுகிற லேயர்கள் ஒவ்வொன்றும் முழு விலை கேட்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்த படம் தன் முழு அளவுப் பிரதியை ஃபைலுக்குள்ளேயே சுமந்துகொண்டு வரும். கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி மூலையில் வைத்தாலும் எடை குறையாது. ஒரு பிஎஸ்டி ஃபைல் 2 ஜிபியைத் தாண்டினால் போட்டோஷாப் அதை பிஎஸ்டியாகச் சேமிக்க மறுத்து, பிஎஸ்பியாக வைக்கச் சொல்லும். அந்த எச்சரிக்கை வருகிற அளவுக்கு ஷீட்டை வளர்த்திருந்தால், பிழை கம்ப்யூட்டரில் இல்லை. டிசைன் செய்கிற முறையில் இருக்கிறது. அதோடு, இருபது ஷீட்டையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்துக்கொண்டு வேலை பார்க்கிற பழக்கத்தை எந்த ராமும் தாங்காது.

3. ராம் எவ்வளவு? அடோபி சொல்கிற குறைந்தபட்சம் 8 ஜிபி. அதில் போட்டோஷாப் திறக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. வேலை ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. விண்டோஸ், பிரவுசர், வாட்ஸ்ஆப், லைட்ரூம், போட்டோஷாப் இவ்வளவும் ஒன்றாகத் திறந்திருக்கிற நம் மேசையில் 16 தான் தரை மட்டம். கல்யாண ஆல்பம் தொடர்ந்து செய்கிறவனுக்கு 32. அகலமான பனோரமா தைக்கிறாய், 45 மெகாபிக்சலுக்கு மேல் கேமரா, படத்தோடு வீடியோ எடிட்டிங்கும் உண்டு என்றால் 64. அதற்கு மேல் கேட்கிறவனிடம் என்ன வேலை என்று நான் விசாரிப்பேன்.

வாங்கும்போது ஒற்றை ஸ்டிக்காக வாங்காதே. 16க்கு இரண்டு 8, 32க்கு இரண்டு 16 என்று ஜோடியாக, ஒரே பாக்கெட்டில் வருவதாக வாங்கு. இரண்டு சேனலிலும் தரவு ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டே ஸ்டிக் என்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் சரியான இடம். மதர்போர்டோடு வந்த புத்தகத்தில் படமாகவே போட்டிருப்பார்கள். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 நுழையாது, வெட்டு இடம் மாறி இருக்கும். அழுத்திப் பார்க்காதே.

இன்னொன்று, அசெம்பிள் செய்து கொடுக்கிற இடங்களில் அடிக்கடி விட்டுப்போவது. அதிக வேக ராம் வாங்கியிருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யாவிட்டால் அது அடிப்படை வேகத்தில்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கம் வேகத்தையும், எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதையும் காட்டும். பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார். (லைட்ரூமிலும் எக்ஸ்எம்பி என்று ஒன்று வரும். அது எடிட் விவரத்தை எழுதிவைக்கிற சின்ன ஃபைல். பெயர்தான் ஒன்று, சம்பந்தம் கிடையாது.)

லேப்டாப் என்றால் ஒரே கேள்வி: ராம் போர்டோடு சாலிடர் செய்ததா, ஸ்லாட் இருக்கிறதா? ஆப்பிளின் எம் வரிசை மேக்குகளில் வாங்கிய பிறகு ராமைக் கூட்டவே முடியாது. அங்கே சேமிக்க நினைக்காதே. வேண்டுமானால் உள் டிஸ்க்கைச் சிறிதாக எடுத்துக்கொள், வெளியே எஸ்எஸ்டி மாட்டலாம்.

4. போட்டோஷாப்பின் மெமரி அளவு 70 சதவீதத்தில் இருக்கும். அதை 100க்கு இழுத்துவிட்டால் பறக்கும் என்று யூடியூபில் யாராவது சொல்வார்கள். விண்டோஸுக்கும் லைட்ரூமுக்கும் மூச்சுவிட இடமில்லாமல் போகும், அவ்வளவுதான். 80 வரை போ, நிறுத்து. ஹிஸ்டரி 50 படி இருக்கும். முழுப் படத்தையும் மாற்றுகிற ஒவ்வொரு ஃபில்டரும் ஹிஸ்டரியில் முழுப் படத்தின் எடையோடு உட்காரும். ஷீட் வேலையில் 20, 25 போதும். ராமில் இடமில்லாததை விண்டோஸ் தள்ளி வைக்கிற பேஜ் ஃபைலை நிறுத்திவிடச் சொன்னாலும் கேட்காதே.

5. டிஸ்க்கின் வேகத்தைப் பெட்டியில் போட்ட எண்ணை வைத்து எடை போடாதே. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 250 எம்பி. சாட்டா எஸ்எஸ்டி 550. என்விஎம்இ எஸ்எஸ்டி மூன்றாம் தலைமுறையில் 3500, நான்காம் தலைமுறையில் 7000 பக்கம். எண்களைப் பார்த்தால் என்விஎம்இ ஒன்றே கதி என்று தோன்றும். ஆனால் 30 எம்பி ரா ஃபைல் ஒன்றைப் படிக்க ஹார்ட் டிஸ்க்குக்கே கால் நொடிகூட ஆகாது. பிறகு எங்கே தொங்குகிறது?

சின்னச் சின்ன ஃபைல்களில். லைட்ரூமில் ஒரு கல்யாணத்தைத் திறந்து வேகமாக உருட்டும்போது கேட்டலாக்கிலிருந்தும் பிரிவ்யூ ஃபோல்டரிலிருந்தும் ஆயிரக்கணக்கான துண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கப்படுகின்றன. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். படிக்கிற முள் அந்த இடத்துக்கு நகரும் நேரமும் சேர்த்தால் நொடிக்கு நூறு துண்டு எடுப்பதே பெரிய விஷயம். எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, சுற்றும் இல்லை. ஆயிரக்கணக்கில் எடுத்துத் தரும். அதனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறினால் கொஞ்சம். நான்காம் தலைமுறையிலிருந்து ஐந்தாம் தலைமுறைக்கு மாறினால், நம் வேலையில் பில் தொகை தவிர வேறு வித்தியாசம் தெரியாது. பழைய கம்ப்யூட்டரில் எம்.2 ஸ்லாட் இல்லையே என்று புதிய போர்டு தேடுகிறவன், சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கைக் கேவலமாகப் பேசவும் வேண்டாம். 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கான ராமாக், ஐம்பது தட்டுகளோடு பெரிய பீரோ அளவுக்கு நின்றும், 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைத்துக்கொண்டது. நம் ஒரு ரா ஃபைலில் கால்பங்குகூட அதில் ஏறாது. இன்றைக்கு உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் ஊர்க் கல்யாணம் மொத்தமும் அடங்குகிறது. சேமித்து வைக்க இன்னமும் அதைவிட மலிவானது நம் கைக்கு எட்டுகிற கடையில் இல்லை.

6. இப்போது முக்கியமானது: யார் எங்கே இருக்க வேண்டும்.

முதல் டிஸ்க், 500 ஜிபி அல்லது 1 டிபி எஸ்எஸ்டி. விண்டோஸ், மென்பொருள்கள், லைட்ரூம் கேட்டலாக், பிரிவ்யூக்கள், கேமரா ரா கேஷ். இரண்டாவது, 1 அல்லது 2 டிபி எஸ்எஸ்டி. கையில் ஓடிக்கொண்டிருக்கிற கல்யாணங்களின் ரா ஃபைல்களும் ஆல்பம் பிஎஸ்டிகளும், ராம் போதாதபோது போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிக்கொள்கிற ஸ்க்ராட்ச்சும். மூன்றாவது, 4 டிபிக்குக் குறையாத ஹார்ட் டிஸ்க். டெலிவரி முடிந்தவை மட்டும். இதற்கெல்லாம் வெளியே, நகல் வைக்கிற டிஸ்க்குகள். அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

ஸ்க்ராட்ச் தனி டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். அது ஹார்ட் டிஸ்க் காலத்துச் சட்டம். படத்தைப் படிக்கவும் ஸ்க்ராட்ச் எழுதவும் இருப்பது ஒரே முள்; ஒரே அர்ச்சகர் இரண்டு சன்னதிக்கும் மாறி மாறி ஓடுகிற கதை. எஸ்எஸ்டியில் அந்த ஓட்டம் இல்லை. உன்னிடம் இருப்பது ஒரே ஒரு 1 டிபி என்விஎம்இ என்றால் எல்லாவற்றையும் அதிலேயே வை, தவறில்லை. எப்போதும் 100 முதல் 150 ஜிபி காலியாக இருக்கட்டும். ஸ்க்ராட்ச்சுக்கு வேண்டியது தனிமையைவிட இடம்.

ஒரு டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்தால் மூன்று டிஸ்க் ஆகிவிட்டது என்று நினைக்காதே. நம்மூரில் அசெம்பிள் செய்கிறவர்களுக்கு இது ஒரு தீராத பழக்கம்: 500 ஜிபி எஸ்எஸ்டியை வாங்கி, சிக்கு 100 ஜிபி ஒதுக்கி, மீதியை டி, இ என்று வெட்டிக் கொடுப்பார்கள். ஆறு மாதத்தில் சி சிவப்பாகிவிடும். கேஷும் ஸ்க்ராட்ச்சும் பிரிவ்யூவும் தானாகத் தேடிப் போகிற இடம் சி தான். இயில் 200 ஜிபி சும்மா கிடக்க, ‘ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்று போட்டோஷாப் கைவிரிக்கும். டிஸ்க் ஒன்று, டிரைவ் எழுத்தும் ஒன்று. பிரிக்க வேண்டியதை ஃபோல்டரில் பிரி.

7. ஸ்க்ராட்ச் நிரம்பிவிட்டது என்ற அந்தச் செய்தி வந்தே விட்டால் பதறாதே. முதலில் வேறொரு டிஸ்க்கில் ஃபைலைச் சேமிக்கப் பார். பிறகு எடிட் மெனுவில் பர்ஜ் கொடுத்து ஹிஸ்டரியையும் கிளிப்போர்டையும் காலி செய். அதோடு அண்டூ போய்விடும் என்பது நினைவிருக்கட்டும். பிறகு பிரிஃபரென்ஸஸில் ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் பகுதிக்குப் போய் இடமுள்ள எஸ்எஸ்டியை முதலாவதாக வை. போட்டோஷாப்பே திறக்க மறுத்தால், திறக்கும்போது கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திப் பிடி. ஸ்க்ராட்ச் டிஸ்க் எது என்று அப்போதே கேட்கும். பென் டிரைவை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காதே.

8. எஸ்எஸ்டி வாங்கும்போது கேட்க வேண்டியவை. எம்.2 வடிவில் இருப்பதெல்லாம் என்விஎம்இ இல்லை. சாட்டாவும் அதே வடிவில் வருகிறது. தங்க விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று என்றால் என்விஎம்இ. உன் போர்டு எதை ஏற்கும் என்று தெரிந்துகொண்டு போ.

செல் வகை டிஎல்சியா, கியூஎல்சியா என்று பார். கியூஎல்சி மலிவு. ஆனால் அதன் வேகக் கேஷ் நிரம்பும் வரைதான் பெட்டியில் போட்ட வேகம்; அதன்பிறகு எழுதுகிற வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே இறங்கிவிடலாம். இரண்டு கேமராவின் கார்டுகளை ஒரே மூச்சில் 120 ஜிபி கொட்டும்போது அது தெரியும். டிஸ்க் நிரம்ப நிரம்ப அந்தக் கேஷும் சுருங்கும். எந்த எஸ்எஸ்டியையும் 80, 85 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதே. 1 டிபி என்று வாங்கினாலும் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். அது ஏமாற்றில்லை. கம்பெனி ஆயிரமாயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

எழுதி எழுதித் தேய்ந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். பல நல்ல 1 டிபி டிஎல்சி டிரைவ்களுக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். நாள் தவறாமல் 100 ஜிபி எழுதினாலும் பதினாறு வருஷம் ஆகும். அதற்குள் நீ நாலு கேமரா மாற்றியிருப்பாய்.

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ, நம்ப முடியாத விலைக்கு 2 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி கிடைத்தால் நம்பாதே. உள்ளே 64 ஜிபி மெமரி கார்டு ஒட்டியிருந்தும் கம்ப்யூட்டரில் 2 டிபி என்று காட்டுகிற சரக்கு சந்தையில் சுற்றுகிறது. நிரம்பிய பிறகும் எழுதிக்கொண்டே போகும். பழையது மேல் புதியது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். புதிய டிஸ்க்கோ கார்டோ வந்தால் அதை ஓட்டிவிட்டுப் பிறகு முகூர்த்தத்துக்கு எடுத்துப் போ.

9. லைட்ரூம் கேட்டலாக் என்பது படம் இல்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதற்கு நீ என்ன செய்தாய் என்ற கணக்குப் புத்தகம். படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தாலும் கேட்டலாக் எஸ்எஸ்டியில் இருந்தாலே பாதி வேகம் வந்துவிடும். நெட்வொர்க் டிரைவில் அதை வைக்க லைட்ரூமே ஒப்பாது.

மூடும்போது வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்கும்; அவசரத்தில் தள்ளிவிடாதே. ஆனால் அந்த பேக்கப் போய் உட்காருகிற இடம் கேட்டலாக்குக்குப் பக்கத்து ஃபோல்டர். எஸ்எஸ்டி போனால் இரண்டும் சேர்ந்து போகும். அந்தப் பெட்டியிலேயே இடத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடு. அதில் படங்கள் சேராது என்பதையும் மறக்காதே. ஃபோல்டரை இடம் மாற்றுவதென்றால் லைட்ரூமுக்குள்ளிருந்தே மாற்று. எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் ஒவ்வொரு படத்தின் மேலும் ஆச்சரியக்குறி விழும்.

இறக்குமதி முடிந்ததும் 1:1 பிரிவ்யூ கட்டச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போ. செலக்ஷன் உட்காரும்போது படத்துக்குப் படம் காத்திருக்க வேண்டாம். அவை பெருத்த ஃபைல்கள். 30 நாளில் அழியும்படி அமைப்பு இருக்கும், அப்படியே விடு. கேமரா ரா கேஷை 20 முதல் 50 ஜிபி வரை கூட்டு. வீட்டில் லேப்டாப்பில் கலர் பார்க்க வேண்டுமென்றால் ஸ்மார்ட் பிரிவ்யூ கட்டி, கேட்டலாக்கோடு எடுத்துப் போ. நீளப் பக்கம் 2560 பிக்சல் உள்ள சிறிய பிரதிகள் அவை. அசல் டிஸ்க் ஸ்டுடியோவிலேயே இருக்கலாம்.

10. கார்டிலிருந்து எடுக்கும்போது ‘கட்’ என்ற சொல்லே உன் வாயில் வரக்கூடாது. காப்பி மட்டும். இரண்டு தனித்தனி டிஸ்க்கில் ஏறி, எண்ணிக்கை ஒத்துப்போய், நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் சில படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும், அதுவும் கேமராவில். யுஎச்எஸ்-2 கார்டுக்குப் பின்பக்கம் இரண்டாவது வரிசைப் பின் இருக்கும். பழைய ரீடரில் போட்டால் அந்த வரிசை சும்மா இருக்கும், கார்டுக்குக் கொடுத்த காசும் சும்மா. ஃபோல்டர் பெயரை 2025-06-08 என்று ஆண்டு முதலாக ஆரம்பித்து, பின்னால் ஊரையும் பெண் மாப்பிள்ளை பெயரையும் சேர். பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். ‘நியூ ஃபோல்டர் 3’இல் ஒரு குடும்பத்தின் தாலிகட்டு கிடக்கக்கூடாது.

11. நகல். கையில் காசு குறைவு என்றால் ராமைக் குறை, எஸ்எஸ்டியைக் குறை, இதைக் குறைக்காதே. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் டிஜிட்டல் படங்களைப் பராமரிப்பது பற்றி எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவிய கணக்கு ஒன்று உண்டு, 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கணக்கு நமக்குத் தெரியாததில்லை. மூன்றாவது எண்ணைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடியிலும் புகுந்தபோதும், கீழ்த்தளத்தில் அசலும் நகலும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான். ஒரு பிரதி மாமியார் வீட்டிலோ நண்பன் ஸ்டுடியோவிலோ இருக்கட்டும். பதிலுக்கு அவனுடையது உன்னிடம்.

ரெய்டு போட்டிருக்கிறேன், அதுவே நகல் என்று சொல்லாதே. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்க உதவுவது அது. நீ தெரியாமல் அழித்த ஃபோல்டரை ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில், ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். வைரஸ் பூட்டினாலும் அப்படியே. தானாக ஒத்திசைக்கிற கிளவுட் ஃபோல்டருக்கும் இந்தக் குணம் உண்டு. வேலை முடிந்ததும் கழற்றி வைக்கிற டிஸ்க்தான் நகல்.

கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்குப் போட்டுக்கொள். 120 ஜிபியை 40 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற, லைன் அறுபடாமல் இருந்தால், ஏழு மணி நேரத்துக்குப் பக்கம். இரவில் ஓடட்டும். முதலில் தேர்ந்தெடுத்த ஜேபெக்குகளை ஏற்று, பிறகு ரா.

12. ஹார்ட் டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்று இரண்டு வகை. எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். ஒருமுறை எழுதி வைத்துவிடச் சரி, அடிக்கடி அழித்து எழுதினால் தவழும். கையடக்க எக்ஸ்டர்னல்களில் பலதும் இந்த வகை. அலமாரிக்குப் போவது எஸ்எம்ஆராக இருக்கலாம், தினமும் ஓடுவது சிஎம்ஆராக இருக்கட்டும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு மாதம் ஒருமுறை பார். ரீஅலகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளில் எண் ஏறத் தொடங்கினால் அன்றைக்கே காப்பி எடுக்க உட்கார். நாளை முகூர்த்தம் இருந்தாலும். சத்தம் மாறினாலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் கதவடைத்த ஸ்டுடியோவுக்குள் டிஸ்க்குகளை அடுக்கி மூடி வைக்காதே. கடற்கரை ஊர் என்றால் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வை. எஸ்எஸ்டியை வருஷக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் பூட்டி வைப்பது நல்லதில்லை, செல்லில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். நெடுநாள் சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க். அதையும் சில மாதத்துக்கு ஒருமுறை மாட்டிச் சுற்றவிடு.

13. யுபிஎஸ் இல்லாமல் எடிட்டிங் மேசை போடாதே. கேட்டலாக்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கெடுவது ஒரு படம் இல்லை, கணக்குப் புத்தகமே. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றால், அதன் பின்னாலோ முன்னாலோ யுபிஎஸ் மோட் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார். சாதா மோடில் மாறுகிற நேரத்துக்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். போட்டோஷாப் தானாகச் சேமிப்பது 10 நிமிடத்துக்கு ஒருமுறை. 5 ஆக்கு.

14. விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிறவர்களுக்கு: 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து அங்கிருந்த தொழிற்சாலைகள் மூழ்கியதும் உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் ராம் விலை தாறுமாறாகப் போனது. இரண்டும் நம் கையில் இல்லை. தேவை வந்துவிட்டால் வாங்கு, தேவை இல்லாவிட்டால் தள்ளுபடிக்காக வாங்காதே. வாங்கும் வரிசை என்னைக் கேட்டால் இது: நகலுக்கு இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், அடுத்து எஸ்எஸ்டி, அடுத்து 16 வரை ராம், யுபிஎஸ், பிறகு 32, பிறகு மற்றதெல்லாம்.

15. எவ்வளவு நாள் வைத்திருப்பது என்று இப்போதே முடிவு செய். பில்லிலேயே அச்சடி: ரா ஃபைல்கள் ஆல்பம் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு, அல்லது உன்னால் முடிகிற காலம். வாய்ச்சொல்லாக விட்டால், குழந்தைக்கு மொட்டை அடிக்கிற வருஷம் போன் வரும்: "அந்த ரிசப்ஷன் போட்டோ இருக்காண்ணே?" எடிட் செய்த ஜேபெக்குகளை மட்டும் அழிக்காமல் வை. ஆல்பத்துக்குத் தேர்வான 600 படம், படத்துக்கு 12 எம்பி என்றால் 7 ஜிபி சொச்சம். நூறு கல்யாணம் 1 டிபிக்குள் அடங்கிவிடும். ராவை அழிக்கிற மாதம் வந்தால், பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி போடு, டிஸ்க் கொண்டுவந்தால் ஏற்றித் தருகிறேன் என்று சொல். இரண்டு வீட்டிலிருந்தும் பதில் வந்த பிறகு அழி.